ஐந்தாம் பெட்டிப் பையக்கா

பூபியோங் நிலையத்தில் ரயில் கதவு திறந்ததும் பில்சுன் அம்மாளின் கை நீண்டுவிடும். சம்மதம் கேட்பது, சிரிப்பது, குசலம் விசாரிப்பது ஒன்றும் கிடையாது. எதிரே வந்து நிற்கிறவரின் தோளில் தொங்கும் பையைக் கொடியிலிருந்து சுரைக்காய் பறிப்பதுபோல ஒரு திருகு, ஒரு இழுப்பு. பை மடிக்கு வந்துவிடும். "வை இங்க. மடி சும்மாதானே கெடக்கு" என்பார். பையைப் பறிகொடுத்தவர் திகைத்து, தலையை ஒருமுறை தாழ்த்தி வணங்கி, காலியான தோளைச் சுழற்றிப் பார்ப்பார். பில்சுன் அம்மாளுக்கு அந்தத் தோள் சுழற்றலே போதும். வாயால் நன்றி சொன்னால் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். கை அடுத்த பைக்குப் போயிருக்கும்.

இஞ்சியோனிலிருந்து சியோலுக்குப் போகும் ஒன்றாம் தடத்தில், எல்லா நிலையத்திலும் நின்று நின்று போகிற வண்டியில், ஐந்தாம் பெட்டி மூன்றாம் கதவு அவருடையது. நடைமேடையில் அந்த இடத்தில் 5-3 என்று எழுதியிருக்கும். துறைமுகப் பக்கம் வண்டி புறப்படும் இடத்திலேயே ஏறிவிடுவதால் உட்கார இடம் நிச்சயம். மற்றவர்கள் சாய்ந்து தூங்க வசதியான ஓர இருக்கைக்கு முட்டி மோதுவார்கள். அவர் மட்டும் நீள இருக்கையின் நட்டநடுவில் போய் உட்காருவார். நடுவில் இருந்தால்தான் இரண்டு பக்கமும் கை எட்டும். பெட்டிக் கோடியில் முதியவர்களுக்கென்று மூன்று இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். வயதுப்படி அவருக்கு அங்கே உரிமையும் உண்டு. "அது கெழவிங்க ஒக்கார்ற எடம்" என்பார், அறுபத்தாறு வயதில்.

நிற்கிறவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வது இந்த ஊரில் யாருக்கும் புதிதல்ல. இன்றைக்கும் ஒன்றிரண்டு பேர் செய்கிறார்கள், பிள்ளைத்தாய்ச்சியைக் கண்டால், பள்ளிக்கூடப் பிள்ளையைக் கண்டால். பில்சுன் அம்மாள் ஒன்றிரண்டோடு நிறுத்துகிற ஆளல்ல. மடிக்கணினி இருக்கும் பை அடியில். அதன்மேல் பள்ளிப் பை. சாப்பாட்டுப் பை குழம்பு சிந்தாமல் நேராக, தொடைக்கும் விலாவுக்கும் நடுவில். நனைந்த குடை என்றால் முழங்காலுக்கு இடையில், யார்மேலும் படாமல். பூச்சியோன் தாண்டும்போது பைகளுக்கு மேலே அவருடைய சுருட்டை முடி மட்டும்தான் தெரியும். அவருடைய சொந்த மூட்டையோ, துணியில் முடிந்தது, கால்களுக்குப் பின்னால் இருக்கைக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும்.

பக்கத்து இருக்கைக்காரர் ஹுவாங், சியோலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி. பில்சுன் அம்மாளைவிட நான்கைந்து வயது இளையவர். நாக்கு மட்டும் மூத்தது. இன்னும் இரண்டு பை ஏற்றினால் அக்காவையே யாராவது மூட்டை என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள் என்று தினமும் ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. பெட்டிக்காரர்கள் எல்லாருக்கும் அவர் 'பையக்கா'. அந்தப் பெயரை வைத்ததும் ஹுவாங்தான்.

பையக்காவுக்கு வேலை சியோலில், சோங்நோ பக்கத்துச் சந்தையில். பாசிப்பயறு அடை சுடுகிறார். ஆட்டுக்கல்லில் ஊறின பயறு அரைபட்டு வழிய, எண்ணெயில் அடை மிதக்க, சாயந்திரம்வரை நின்றபடியே வேலை. முடியில் எண்ணெய் வாசனை எந்தக் குளியலுக்கும் போவதில்லை. இவ்வளவு பாடுபடுகிறவள் ரயிலிலாவது சும்மா இருக்கக்கூடாதா என்று ஹுவாங் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் ஐந்தாம் பெட்டியில் பிரசித்தம்.

"கைக்குச் சந்தையில வேல. காலுக்கு நிக்கிற வேல. வாய்க்கு எப்பவும் வேல. இந்த மடி ஒண்ணுதான் தண்டச்சோறு. அதுக்கும் ஒரு வேல குடுக்க வேணாமா?"

மகள் ஹேவோன் சியோலில் புதிதாகப் போட்ட ஒரு தடத்தின் பக்கம் குடியிருக்கிறாள். அம்மாவின் ரயில் பழைய ரயில், ஆடும் ரயில், குடிகாரர்களும் மீன்கூடைக்காரர்களும் ஏறுகிற ரயில் என்று அவளுக்கு இளக்காரம். தங்கள் ரயிலில் ஒருவர் பையை ஒருவர் தொடமாட்டார்கள் என்று பெருமையாகச் சொல்வாள். அதனால்தான் அங்கே எல்லாரும் பொதிமாடு மாதிரி நிற்கிறார்கள் என்பார் அம்மா. நாட்டிலேயே முதன்முதலில் ரயில் ஓடியது இந்தப் பாதையில்தான் என்பதைத் தன் சொந்தத் தாத்தா தண்டவாளம் போட்டதுபோலச் சொல்லுவார். அவருடைய தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர்.

அவருக்கென்று இரண்டு சட்டங்கள் உண்டு. மடியில் பை இருக்கும்வரை தூங்கக்கூடாது. இரண்டாவது, இதைவிடப் பெரியது: பையைத் திறக்கக்கூடாது. உள்ளே என்ன என்று தடவிப் பார்ப்பதுகூடத் தப்பு. அடுத்தவர் பையை எட்டிப் பார்ப்பது அடுத்தவர் அடுக்களையில் பானையைத் திறந்து பார்க்கிற மாதிரி என்பார். ஒருமுறை மடியில் இருந்த பைக்குள் கைபேசி அடித்தது. வேறு யாராக இருந்தாலும் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். இவர் பையை முழுசாகத் தூக்கி, எதிரே நின்ற பெண்ணின் காதருகில் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையை விட்டு எடுத்துப் பேசி முடிக்கிறவரை கை இறங்கவில்லை.

இறங்க வேண்டியவர் வாயைத் திறக்கும் முன்பே பை அவர் மார்புக்கு வந்துவிடும். யார் எங்கே இறங்குவார் என்பது இவருக்கு அத்துப்படி. புது முகமாக இருந்தால் வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வார். "இருபது வருஷத்துல இந்த மடியில ஒரு பை மாறினதில்ல, ஒரு பை தங்கினதில்ல" என்று யாரிடமும் சொல்லத் தயங்கமாட்டார். ஹுவாங் கண்ணை மூடிக்கொண்டு, "ஆரம்பிச்சாச்சு" என்பார். ஆரம்பித்தாலும் அதில் பொய் கிடையாது.

இந்தக் குளிர்காலத்தில் அந்தப் பெருமைக்கு ஒரு சோதனை வந்தது.

ஜுவான் நிலையத்தில் ஒரு மனிதர் ஏறினார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர். காலை வண்டி பழக்கமில்லாதவர் என்பது பார்த்தாலே தெரிந்தது: கதவடியில் நின்று எல்லாருக்கும் வழிவிட்டு, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, கடைசியில் யாரோ தள்ளி பையக்காவின் எதிரே வந்து நின்றார். கறுப்புத் தோல் பை ஒன்றைப் பச்சைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தார். பையக்கா கையை நீட்டி இழுத்தார். பை வரவில்லை. மறுபடி இழுத்தார்.

"வேணாங்க்கா" என்றார் அவர் மெதுவாக. "உள்ள கத்தி இருக்கு."

மெதுவாகச் சொன்னாலும் அந்தச் சொல் எல்லார் காதிலும் விழும். நெரிசலில் நகர இடமே இல்லாத பெட்டியில் எப்படியோ அவரைச் சுற்றி ஒரு சாண் இடம் உண்டாகிவிட்டது. மனிதர் முகம் சிவந்து, எல்லாருக்கும் கேட்கும்படியாகத் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. பெயர் யாங் கிதே. பச்சையாகவே பரிமாறும் மீனை அறுக்கும் சமையற்காரர். துறைமுகத்தில் வைத்திருந்த கடை மூடிப்போய் ஒரு வருஷம் ஆகிறது. சியோல் நிலையத்துக்கு அருகில் ஒரு பெரிய உணவகத்தில் ஆள் எடுக்கிறார்கள். இன்று காலை, கடை திறப்பதற்குள், முதலாளி முன்னால் மீன் அறுத்துக் காட்ட வேண்டும். சொந்தக் கத்தியோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"பதினெட்டு வயசுலேர்ந்து தீட்டித் தீட்டி என் கைக்குன்னே ஆன கத்திங்க. வேற கத்தியில அறுத்தா மீனே என்னப் பாத்துச் சிரிக்கும்."

பையக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். பாரத்தில் மணிக்கட்டும் விரல் நுனியும் வெளுத்திருந்தன.

"என் அடைக் கரண்டிய நான் யாருக்கும் தரமாட்டேன், எனக்குத் தெரியாதா? ஆனா சியோல் போற வரைக்கும் இப்படியே தூக்கிட்டு நின்னா உன் கை ஓஞ்சு போயிரும். அப்பறம் அங்க போயி என்னத்த அறுப்ப? வை. இருபது வருஷத்துல இந்த மடியில ஒரு பை தங்கினதில்ல."

"ஆரம்பிச்சாச்சு" என்றார் ஹுவாங், கண்ணைத் திறக்காமல். பெட்டி சிரித்தது. கிதேயும் சிரித்தார். பை மடிக்கு வந்தது.

சிந்தோரிம் நிலையத்தில் பாதி வண்டி இறங்கும். வேறு தடத்துக்கு மாறுகிறவர்கள் அணை உடைந்த மாதிரி வெளியே பாய்வார்கள். பழகினவர்கள் அந்த நேரத்தில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அல்லது இறங்கி, கதவை ஒட்டி, ஒரு கை வண்டிமேல் இருக்கும்படி நின்று, கூட்டம் வடிந்ததும் முதல் ஆளாக ஏறுவார்கள். கிதேக்கு இது எதுவும் தெரியாது. நல்ல மனிதர் வேறு. வழிவிட இறங்கினவர் ஒரு எட்டு தள்ளி நின்றார்; அவர் பின்னால் ஒரு அம்மாள், அவளுக்காக இன்னொரு எட்டு. அதற்குள் ஏறுகிற கூட்டம் புகுந்துவிட்டது. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிதேயின் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. இல்லாத பையை இரண்டு கையும் இன்னும் அணைத்திருந்தன. வண்டி நகர்ந்துவிட்டது.

பெட்டியில் ஆளுக்கொரு யோசனை. வழியில் இறங்கித் திரும்பிப் போங்கள் என்றார் ஒருவர். போனால் அவர் இங்கே வருவார், இருவரும் வழியில் தாண்டிக்கொள்வீர்கள் என்றார் இன்னொருவர். பையைத் திறந்து பாருங்கள், தொலைபேசி எண் இருக்கும் என்றாள் ஒரு பெண். நியாயமான யோசனைதான். பையக்கா இரண்டு கையையும் பையின் வாய்மேல் வைத்துக்கொண்டார். பேச்சு அடங்கியது.

"அவரு அங்கேயே நிப்பாரா, பின்னாடி வருவாரா, அதச் சொல்லுங்க" என்றார் ஹுவாங். கண்ணை முழுசாகத் திறந்திருந்தார்.

"சமையக்காரன் அடுப்புப் பக்கம்தான் ஓடுவான். வருவான்."

அடுத்த நிலையம் யோங்தெங்போ. பையக்கா எழுந்தார். நடுவழியில் அவர் எழுந்து அந்தப் பெட்டி பார்த்ததில்லை. மடியில் மிச்சமிருந்த இரண்டு பைகளை என்ன செய்வது என்று ஒரு கணம் பார்த்தார். தூக்கி ஹுவாங்கின் மடியில் போட்டார். சொந்த மூட்டையை ஒரு கையிலும் கறுப்புப் பையை மறு கையில் மார்போடும் பிடித்து இறங்கி, நடைமேடையில் 5-3 என்று எழுதிய இடத்துக்கு எதிரே இருந்த இருக்கைப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். ஆற்றுப் பக்கமிருந்து காற்று ஊசியாகக் குத்தியது.

அந்தப் பக்கமாக வந்த நிலைய ஊழியரிடம், பின்னால் இருக்கும் நிலையத்துக்குப் பேசிச் சொல்லும்படி கேட்டார். மரியாதையான பிள்ளை. உடனே பேசினான். பையைத் தேடி அங்கே அலுவலகத்துக்கு யாரும் வரவில்லை என்று பதில் வந்தது. பையில் என்ன இருக்கிறது என்று கேட்டான். கத்தி என்றார். அவன் முகம் மாறியது. தானே பார்த்தாரா என்று கேட்டான். பார்க்கவில்லை, சொந்தக்காரர் சொன்னார் என்றார். அப்படியானால் பையை அலுவலகத்தில் கொடுத்துவிடுவதுதான் முறை என்று பொறுமையாக விளக்கினான்: தொலைந்த பொருள்களோடு பதிந்து வைப்பார்கள், உரியவர் அத்தாட்சியோடு வந்து வாங்கிக்கொள்ளலாம். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பதிந்து, விசாரித்து, கையெழுத்து வாங்கிக் கொடுப்பதற்குள் கிதேயின் காலை போய்விடும்.

"தம்பி, தொலஞ்சதுன்னா யார் கையிலயும் இல்லாதது" என்றார் பையக்கா. "இது என் மடியில இருக்கு."

இதற்கு என்ன விதி என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. பிடுங்கவும் மனமில்லாமல், கத்திப் பையை விட்டுப் போகவும் முடியாமல், பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

வண்டி ஒன்று வந்தது. மூன்றாம் கதவு திறந்தது. இறங்கினவர்களில் கிதே இல்லை. பையக்கா கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். எழுந்து பக்கத்துக் கதவையும் பார்த்தார். வண்டி போய்விட்டது.

அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. கிதே வெறுங்கையோடு அந்த உணவகத்துக்கே போய்விட்டாரோ, அல்லது எல்லாம் போச்சு என்று இஞ்சியோனுக்கே திரும்பிவிட்டாரோ. அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஒருமுறை இழுத்து வராத பையை இவர்தான் மறுபடி இழுத்தார். சொந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லி வாங்கினார். மகள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், யார் கேட்டார்கள் உன்னை என்று. மடியில் இருந்த பை இப்போது கல்லாய்க் கனத்தது. சந்தையில் அடை அடுப்பைப் பற்றவைத்திருக்க வேண்டிய நேரம். அந்த நினைப்பு வந்தது, நிற்கவில்லை.

அடுத்த வண்டி வந்தது. மூன்றாம் கதவில் யார் யாரோ இறங்கினார்கள். பையக்கா தலையைக் குனிந்துகொண்டார். கோடியில், கடைசிப் பெட்டிப் பக்கமிருந்து, கதவுக்குக் கதவு எழுதியிருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தபடி ஒருவர் ஓடிவந்தார். ஊழியன்தான் முதலில் பார்த்தான்.

கிதேக்கு மூச்சு வாங்கியது. முதல் வண்டியில் ஏற முடியவில்லையாம், மறுபடி வழிவிட்டிருப்பார். அங்கே நடைமேடையில் அழாத குறையாக நின்றவரை, ஐந்தாம் பெட்டியிலிருந்து இறங்கியவர்கள் சூழ்ந்துகொண்டார்களாம்.

"எல்லாரும் ஒண்ணே சொன்னாங்கக்கா. பையக்கா மடியில வச்சீங்களா, அப்ப பயப்படாதீங்க. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி அஞ்சு-மூணுல பாருங்க, அவங்க அங்கதான் இருப்பாங்கன்னு. நீங்க எறங்குவீங்கன்னு அவங்ககிட்ட யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். யாரும் சொல்ல வேணாம்னுட்டாங்க."

 பையக்காவின் கன்னம் இரண்டும் சிவந்தன. குளிர் என்று வைத்துக்கொள்ளலாம். பையை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் இடுப்பு மடிய வணங்கி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஊழியன் தொண்டையைச் செருமினான். கத்தி என்பதால் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும், மன்னிக்கணும் என்றான். கிதே பலகையில் பையை வைத்துத் திறந்து, சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். ஊழியன் குனிந்து பார்த்து, ஆகா என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்கு ஏற்ற முகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான். துணி மறுபடி சுற்றப்படும்வரை பையக்கா தண்டவாளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

சியோல் வண்டி வந்தது. நேரம் இன்னும் இருந்தது. ஓட வேண்டியிருக்கும், ஆனால் இருந்தது. இருவரும் மூன்றாம் கதவில் ஏறினார்கள். யாரோ எழுந்து இறங்க, ஓர் இடம் காலியானது. கிதே வேறு யாரையும் அண்டவிடாமல் முதுகால் மறித்து, பையக்காவை அதில் உட்காரவைத்துவிட்டு எதிரே நின்றார். பை இரண்டு கையிலும் மார்போடு இருந்தது.

கதவு மூடியது. பழக்கதோஷத்தில் பையக்காவின் கை எழுந்தது. பாதி தூரம் போனது. அங்கே நின்று, ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோலத் திரும்பி வந்து, மடியில் இருந்த மூட்டையின் முடிச்சைச் சரிசெய்ய ஆரம்பித்தது. முடிச்சு சரியாகத்தான் இருந்தது. எதிரே நின்றவரைப் பார்க்காமல், சன்னலைப் பார்த்தார். வண்டி வேகமெடுத்து, ஆடியது.

கிதே குனிந்தார். மூட்டையை எடுத்து அவர் காலடியில் ஓரமாக வைத்தார். கறுப்புப் பையை அவர் மடியில் நேராக வைத்து, ஆடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இரண்டு கையையும் மேலே தூக்கி, கைப்பிடி வளையங்களைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.